அலுமாரிக்குள் மூன்று உடம்பு

இரண்டு வருஷத்தில் 17 கிலோ குறைந்த கதையைப் போன மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியபோது, "இதில் ஜிம்முக்குப் போன காசைவிட தையல்காரருக்குப் போன காசுதான் அதிகம்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. பிட்டை எப்படிக் குறைத்தேன், இரவில் என்ன சாப்பிட்டேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சரி, இந்த மாதம் முழுக்க உடுப்புக் கதைதான்.

அக்கா, நான் ஒரு ஆசிரியை. எட்டு மாதத்தில் 84 கிலோவிலிருந்து 71க்கு வந்துவிட்டேன், இன்னும் ஆறேழு கிலோ குறைக்க ஆசை. சாரியில் பிரச்சினை இல்லை, சாரிச் சட்டைகள் பதினொன்றும் தொளதொளவென்று தொங்குகின்றன. தோளில் ஊசி குத்திக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறேன். ஆவணியில் தம்பியின் கல்யாணம் வேறு. எல்லாச் சட்டையையும் இப்போதே சிறிதாக்கவா, அல்லது முழுக்கக் குறைந்த பிறகு ஒரேயடியாகத் தைக்கவா?
வெள்ளவத்தை வாசகி

இரண்டும் வேண்டாம் தங்கச்சி. பதினொன்றில் நாலை மட்டும் எடுங்கள். கறுப்பு, பொன்னிறம், மெரூன், அப்புறம் உங்கள் சாரிகளில் அதிகம் வருகிற ஏதோ ஒரு நிறம். அந்த நாலையும் வைத்துக்கொண்டு கிழமையில் ஐந்து நாளும் ஓட்டலாம், பிள்ளைகள் சாரியைத்தான் பார்ப்பார்கள், சட்டை திரும்ப வந்ததை ஒருவரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். மிச்சம் ஏழும் ஒரு பையில் கிடக்கட்டும். நீங்கள் இன்னும் குறையப் போகிறீர்கள் என்றால், இன்றைக்குப் பதினொன்றுக்கும் கூலி கொடுத்துவிட்டு மூன்று மாதத்தில் திரும்பவும் பதினொன்றையும் தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டிவரும். நான் போய் நின்றிருக்கிறேன், அதுதான் சொல்கிறேன்.

சாரி உடுத்துகிறவர்கள் உண்மையில் கொடுத்து வைத்தவர்கள். ஐந்தரை மீற்றர் துணிக்கு உங்கள் எடை தெரியாது, கொசுவத்தில் ஒரு மடிப்பு கூடும், அவ்வளவுதான். உள்பாவாடைக்கு நாடா இருக்கிறது. ஆகவே செலவெல்லாம் அந்த முக்கால் மீற்றர் சட்டையில்தான் நிற்கிறது.

இனி முக்கியமான விஷயம். சட்டையைக் கொடுக்கும்போது வாய் திறந்து சொல்ல வேண்டிய ஒரே வசனம்: "உள்ளே இருக்கிற துணியை வெட்ட வேண்டாம், மடித்தே தையுங்கள்." நம்மூர் தையல்காரர்கள் பெரும்பாலும் பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு அங்குலமாவது துணி விட்டுத்தான் தைப்பார்கள், அது நாளைக்கு உடம்பு வைத்தால் பிரித்து விடுவதற்காக. சிறிதாக்கும்போதும் அந்தத் துணி அப்படியே உள்ளே இருக்க வேண்டும். நான் முதல் தடவை காலி வீதியில் ஒரு கடையில் ஆறு சட்டையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்தேன். அவர் சிறிதாக்கியது மட்டுமில்லை, நேர்த்தியாக இருக்கட்டுமென்று ஓவர்லொக் மெசினில் ஓடவிட்டு, மிச்சத் துணியை முழுக்க வெட்டி எறிந்துவிட்டார். ஓவர்லொக் மெசின் தைத்துக்கொண்டே விளிம்பை வெட்டிக்கொண்டு போகிற சாமான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பிறகு தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய் மூன்று கிலோ ஏற்றிக்கொண்டு வந்தபோது ஆறு சட்டையில் ஒன்றின் கொழுக்கியும் பூட்டவில்லை. மனுஷன் மேல் பிழை சொல்ல முடியாது, நான் சொல்லவில்லை, அவர் செய்தார்.

எவ்வளவு தூரம் சிறிதாக்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கிற கணக்கு இது. சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடியுங்கள். இரண்டு கைக்கும் சேர்த்து வருகிற துணி சுற்றளவில் இரண்டு அங்குலத்துக்குள் என்றால் பக்கத்தில் பிடித்தால் போதும், அழகாக வரும். அதைவிடக் கூட என்றால் கமக்கட்டில் சுருக்கம் விழும், முன்பக்கத்து டார்ட், அதாவது மார்பின் வடிவத்துக்காகப் பிடிக்கிற மடிப்பு, இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. தோளே கழன்று விழுகிறதென்றால், பக்கத்தில் எவ்வளவு பிடித்தும் பிரயோசனமில்லை. கையைக் கழற்றி, தோளைக் குறைத்து, திரும்பக் கையைப் பூட்ட வேண்டும், அது பாதிப் புதுச்சட்டை தைக்கிற வேலை. பட்டுச் சாரியோடு வந்த துணியென்றால் செய்யுங்கள், சாதாரணத் துணியென்றால் புதிதாகவே தைத்துவிடுங்கள். உள்ளே கப் வைத்துத் தைத்தவற்றைத் தொடவே வேண்டாம்.

கல்யாணச் சட்டைக்கு வருவோம். ஆடி முடிந்ததும் ஆவணியில் கல்யாணங்கள் வரிசை கட்டி வரும், தையல்காரர்கள் தலைநிமிர மாட்டார்கள், அதனால் கல்யாண நாளை இப்போதே சொல்லி வையுங்கள். ஆனால் அளவு கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது கொடுத்தால் போதும். பக்கத் தையலைப் பெரிய தையலாக இழுத்து வைத்துக்கொண்டு, கடைசிக் கிழமை ஒருக்காப் போட்டுப் பார்த்த பிறகு இறுக்கித் தைக்கச் சொல்லுங்கள். பட்டில் ஒருமுறை தைத்துப் பிரித்தால் ஊசி போன ஓட்டைகள் வரிசையாகத் தெரியும், ஆகவே பட்டில் பரிசோதனை வேண்டாம். அப்புறம், அளவு கொடுத்த பிறகு கல்யாணம் மட்டும் பட்டினி கிடந்து இன்னும் இரண்டு கிலோ குறைக்கிறேன் என்று நிற்காதீர்கள், தையல்காரரும் பாவம், நீங்களும் பாவம்.

எனக்கு 46 வயது. சீனி வருத்தம் தொடங்குகிறது என்று டொக்டர் சொன்னதால் நடந்து, சோற்றைக் குறைத்து 12 கிலோ இறக்கிவிட்டேன். 38 இடுப்பு லோங்ஸ் எல்லாம் இப்போது 34க்கு வர வேண்டும். பெல்ட்டில் ஆணியால் மூன்று ஓட்டை போட்டுவிட்டேன். ஒஃபிஸில் சிரிக்கிறார்கள். மனைவி, "ஒன்றையும் கொடுக்காதீர்கள், திரும்ப ஊதினால் எதைப் போடுவீர்கள்" என்கிறார்.
கொட்டாஞ்சேனை வாசகர்

அண்ணா, முதலில் அந்த 12 கிலோவுக்கு ஒரு கைதட்டல். லோங்ஸில் பின்பக்க நடுத்தையலுக்குள் கொஞ்சம் துணி வைத்துத்தான் தைத்திருப்பார்கள், அந்த இடத்தில் பிடித்தால் இரண்டு அங்குலம் வரை தாராளமாகக் குறைக்கலாம். நாலு அங்குலம் குறைத்தால் என்ன நடக்கும் தெரியுமா, பின்னால் இரண்டு பொக்கெற்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒன்றோடொன்று இரகசியம் கதைக்கும். தொடையும் காலும் பழைய 38 ஆகவே ஆடும். ஆகவே 38ஐ 34 ஆக்குவதில் காசைக் கொட்டாதீர்கள். கறுப்பில் ஒன்று, கடும் சாம்பலில் ஒன்று, இரண்டே இரண்டு புது லோங்ஸ் வாங்குங்கள். இன்னும் குறையும் என்று நினைத்தால் புறக்கோட்டையில் வாங்குங்கள், நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகு நல்லதாக வாங்கிக்கொள்ளலாம். இரண்டு மூன்று மாதம் எடை ஒரே இடத்தில் நின்றால்தான் நின்றது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஷேர்ட்டில் பார்க்க வேண்டியது தோள்தையல். அது தோள் எலும்பு முடிகிற இடத்தில் இருந்தால் மிச்சத்தைப் பக்கத்தில் பிடிக்கலாம். கையில் இறங்கிக் கிடந்தால் அந்த ஷேர்ட் வீட்டுக்கு. கொலரைப் பூட்டிவிட்டு இரண்டு விரல் போகலாம், முழுக் கையும் போனால் டை கட்டியதும் சுருங்கி நிற்கும். கோட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள், கோட்டின் தோளில் கை வைக்கிற வேலைக்குப் புதுக்கோட்டே வாங்கலாம். பெல்ட்டை ஆணியால் குத்தாமல், பக்கிளைக் கழற்றக்கூடியதா என்று பாருங்கள். கனக்கப் பெல்ட்டில் பக்கிள் பக்கத்தால் தோலை வெட்டிவிட்டுத் திரும்பப் பூட்டலாம், செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் ஐந்து நிமிஷ வேலை.

இன்னொன்று, லோங்ஸில் எழுதியிருக்கிற 34 உங்கள் இடுப்பளவு இல்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் வயிற்றுக்குக் கீழே கட்டிக்கொண்டு 34 என்கிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றிப் பாருங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்குள்ளும், பெண்களுக்கு 80க்குள்ளும் இருப்பது நல்லது என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் டொக்டர் பார்ப்பது அந்த அளவை.

மனைவி சொல்வது பாதி சரி. ஒரு லோங்ஸ், இரண்டு ஷேர்ட் வைத்திருங்கள், காய்ச்சல் வந்து படுத்தாலும் மருந்து மாற்றினாலும் எடை ஏறி இறங்கும். மிச்சத்தையும் வைத்திருந்தால் ஒவ்வொரு நாளும் அலுமாரியைத் திறக்கும்போது பழைய ஆள் உள்ளே நின்று "நான் வந்துவிடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

மெலிந்த பிறகு போடுவதற்கென்று ஒரு ஜீன்ஸ் வாங்கி அலுமாரிக் கதவில் தொங்கவிட்டிருக்கிறேன். தினமும் பார்த்தால் ஊக்கமாக இருக்கும்தானே?
பம்பலப்பிட்டி வாசகி

எனக்கு இருக்கவில்லை. ஒரு தீபாவளிக் கழிவில் ஒரு சைஸ் சிறிய சுடிதார் ஒன்று வாங்கித் தொங்கவிட்டேன். நினைத்த எடை வந்தது, சுடிதார் வரவில்லை, ஏனென்றால் எனக்கு முகமும் கையும் மெலிந்த அளவுக்கு இடுப்பு மெலியவில்லை. எந்த இடம் முதலில் குறையும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. கடைசியில் அது ஏறியபோது நிறம் பிடிக்கவில்லை, விலைச்சீட்டுக் கூடக் கழற்றாமல் மச்சாளிடம் போய்விட்டது.

ஜீன்ஸைக் கழற்றி வையுங்கள். ஏற்கனவே ஒருகாலத்தில் போட்டு நடந்த, இழுபடாத துணியில் தைத்த ஏதாவது ஒன்றை எடுத்து மாதத்தில் ஒருநாள் போட்டுப் பாருங்கள். தராசு பத்து நாளாக ஒரே எண்ணைக் காட்டுகிற காலத்திலும் அந்தப் பழைய பாவாடை உண்மை சொல்லும்.

கனடாவில் இருக்கிற மாமி வருஷத்துக்கு ஒருமுறை பார்சலில் உடுப்பு அனுப்புவார். நான் மெலிந்தது அவருக்குத் தெரியும், "சைஸ் என்ன" என்று கேட்டார். லண்டனிலிருந்து வந்த சட்டையில் 10 என்று இருந்தது, அளவாக இருந்தது, அதையே சொன்னேன். வந்ததெல்லாம் பெரிசு. மாமியின் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
தெஹிவளை வாசகி

மாமியில் பிழையில்லை, எண்ணில்தான் பிழை. பிரித்தானிய 10ம் வட அமெரிக்க 10ம் ஒன்றில்லை. அங்கே 10 என்பது லண்டன் கணக்கில் 14க்குக் கிட்ட. நீங்கள் லண்டன் 10 என்றால் கனடாவில் 6 கேட்டிருக்க வேண்டும். அதுவும் கடைக்குக் கடை மாறும், ஆகவே இனி எண்ணே சொல்லாதீர்கள். மார்பு, இடுப்பு, பின்பக்கம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். வந்த உடுப்புகளைப் போட்டு ஒரு படம் எடுத்து, "மாமி, பாருங்கோ எவ்வளவு மெலிந்திட்டேன்" என்று அனுப்பினால் அவரே சிரித்துக்கொண்டு அளவு கேட்பார். இல்லாவிட்டால் கைப்பை அனுப்பச் சொல்லுங்கள், கைப்பைக்கு சைஸ் கிடையாது.

நான் அபாயா போடுகிறவள். ஒன்பது கிலோ குறைந்தும் வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை, அது பரவாயில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறும்போது இரண்டு தடவை அபாயாவை மிதித்துத் தடுமாறிவிட்டேன். முன்பு அப்படி நடக்கவில்லை. உடம்பு மெலிந்தால் உயரமுமா குறையும்?
மருதானை வாசகி

உயரம் குறையவில்லை சகோதரி, வயிறு குறைந்திருக்கிறது. வயிறு முன்னால் இருந்தபோது துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, இப்போது அந்தத் தாங்கல் இல்லை, முன்விளிம்பு இறங்கிவிட்டது. தோளும் கொஞ்சம் மெலிந்திருக்கும், அதனால் தோள்தையல் கீழே வந்து கைகளும் நீண்டு உள்ளங்கையை மூடும். நீளச் சட்டை, சல்வார் டொப், தாவணிப் பாவாடை எல்லாவற்றுக்கும் இதேதான். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகுதான் நான் ஏன் 2 கிலோ குறைந்த கிழமையெல்லாம் நைற்றியை மிதித்துக்கொண்டு திரிந்தேன் என்று எனக்கே விளங்கியது.

எல்லாவற்றையும் பக்கத்தில் பிடித்துச் சிறிதாக்குவதற்கு முன் முன்விளிம்பை மட்டும் மடித்துக் கையால் தைத்து விடுங்கள், அரை மணித்தியால வேலை. போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டு, இன்னொருவரை வைத்து நிலத்திலிருந்து அளந்து குறிக்க வேண்டும், குனிந்து நீங்களே குறித்தால் துணியும் சேர்ந்து இறங்கும், அளவு பிழைக்கும். பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அபாயா நேர்த்தையல், சிறிதாக்குவது சுகம், ஆனால் நோன்பு தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள், பெருநாள் நெருங்கினால் ஒரு கடையிலும் வாங்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு 61 வயது. டயட் ஒன்றும் இல்லை, ஆனால் நாலைந்து மாதமாக ஷேர்ட் எல்லாம் தொங்குகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "நல்லா மெலிஞ்சு இளமையாகிட்டீங்கள்" என்கிறார்கள். அவருக்கும் சந்தோஷம். ஷேர்ட்டைச் சிறிதாக்கக் கொடுக்கவா?
மட்டக்குளி வாசகர்

தம்பி, தையல்காரரிடம் வேண்டாம், டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், இந்தக் கிழமையே. முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே ஏனென்று பார்க்க வேண்டும் என்பதுதான் வைத்தியர்கள் வைத்திருக்கிற கணக்கு. 70 கிலோ ஆளுக்கு அது மூன்றரைக் கிலோதான். சீனி வருத்தம், தைரோயிட், காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், கனக்கத் தரம் சுலபமாகச் சரிசெய்யக்கூடியதாகவும் இருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரி ஓபிடியில் காட்ட ஒரு சதமும் தேவையில்லை. பழைய அடையாள அட்டைப் படத்தையும், பெல்ட்டில் ஓட்டை மாறியதையும் டொக்டருக்குக் காட்டுங்கள், எப்போதிலிருந்து என்று அவர் கட்டாயம் கேட்பார்.

எங்களுடையது இரண்டு அறை ஃபிளட். எனக்கு இப்போது மூன்று சைஸில் உடுப்பு இருக்கிறது, பழையது, இப்போதையது, இனிமேல் வரப்போவது. எதை வைப்பது, எதைக் கொடுப்பது? வைத்ததிலும் பூஞ்சணம் பிடிக்கிறது.
ஹவ்லொக் டவுண் வாசகி

ஒரு அலுமாரிக்குள் மூன்று உடம்பு குடியிருந்தால் இடம் எங்கே காணும்! இப்போதைய உடம்புக்குக் கண் மட்டத்தில் இருக்கிற தட்டைக் கொடுங்கள், மற்ற இரண்டும் கட்டிலுக்குக் கீழே. கூறைச் சேலை, அதன் சட்டை, அம்மா தந்த பட்டு, இவற்றை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. கூறைச் சட்டையைச் சிறிதாக்கவும் வேண்டாம், அது அந்த நாளின் அளவு, அப்படியே இருக்கட்டும். சாரிகள் எல்லா உடம்புக்கும் சொந்தம், ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. தைத்த உடுப்பில் பழைய சைஸில் ஒரு கிழமைக்குப் போதுமானதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். கொடுக்கும்போது துவைத்து, கொழுக்கி பூட்டி, நாடா கோத்துக் கொடுங்கள், கிழிந்ததைக் கொடுப்பது கொடுப்பதில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு உடுப்பு விலை போன போக்கில் நல்ல நிலையில் இருக்கிற ஒரு லோங்ஸை வாங்கிக்கொள்ள யாரும் வெட்கப்படுவதில்லை.

பூஞ்சணத்துக்குக் காரணம் நம்முடைய காற்று. கொழும்பில் ஈரம் குறைகிற மாதம் என்று ஒன்று இல்லாத மாதிரித்தான், மே மாதம் தொடங்கி தென்மேல் பருவமழை, அது விட்டால் ஐப்பசி மழை. பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். ஸ்திரிக்கை போட்ட சூட்டோடு அடுக்காதீர்கள், ஆறவிட்டு அடுக்குங்கள். பூச்சி உருண்டை சரிகையில் முட்டக் கூடாது, சரிகை கறுக்கும், தனியாகத் துணியில் முடிந்து மூலையில் வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருக்கா வெயிலில்லாத காற்றில் விரித்து மடிப்பை மாற்றி வைத்தால் பட்டு மடிப்பில் வெடிக்காது.

கேட்க வெட்கமாக இருக்கிறது, பெயர் ஊர் ஒன்றும் போடாதீர்கள். உள்ளாடை?

வெட்கப்பட்டே எல்லோரும் இதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறோம், உண்மையில் முதலில் மாற்ற வேண்டியது இதுதான். பழைய பிராவைப் போட்டுக்கொண்டு சாரிச் சட்டைக்கு அளவு கொடுத்தால் அந்தச் சட்டை தைத்த நாளே பிழை. மேலே எழுதிய ஆசிரியைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அளவு கொடுக்கப் போகும் முன் இதை வாங்கிவிடுங்கள். பின்பட்டி முதுகில் மேலே மேலே ஏறினால், ஆக இறுக்கமான கொழுக்கியில் பூட்டியும் இரண்டு விரலுக்கு மேல் உள்ளே போனால், மாற்ற நேரம் வந்துவிட்டது. தோள்பட்டியை இழுத்து இறுக்கிச் சமாளிக்காதீர்கள், பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் கீழ்ப்பட்டிதான், தோளில் தழும்புதான் மிஞ்சும்.

மெலிந்துகொண்டிருக்கும்போது இரண்டுக்கு மேல் வாங்க வேண்டாம். கடையில் போட்டுப் பார்க்கும்போது ஆகத் தளர்வான கொழுக்கியில் பூட்டிப் பாருங்கள், அதில் அளவாக இருக்க வேண்டும். உடம்பு குறையக் குறைய, இலாஸ்டிக் இழுபட இழுபட, உள்ளே இருக்கிற அடுத்த இரண்டு வரிசைக்குப் போகலாம். பெரும்பாலான கடைக்காரப் பிள்ளைகள் நடுக்கொழுக்கியில் பூட்டிக் காட்டிவிட்டு "சரியாக இருக்கு அக்கா" என்பார்கள், நீங்கள் கழற்றி வெளிக்கொழுக்கியில் போட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.